உங்கள் பாட்டைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால்

திங்கட்கிழமை காலை இன்பாக்ஸைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க ஒரே மாதிரி வரிகள். "புதிய பாடல் வெளியாகிவிட்டது!!!", "கேட்டுவிட்டு ஆதரவு தரவும்", "அவசரம்: இசை வெளியீடு". சில வருடங்கள் ஒரு இதழில் இசைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்; அதற்கு முன்பு ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு இதே மாதிரி மெயில்களைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பியவனும் நான்தான். அனுப்பிய காலத்தில் "ஒருத்தர்கூடக் கேட்க மாட்டேன் என்கிறார்களே" என்று எரிச்சலாக இருந்தது. வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே இருப்பவர் நல்ல பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, அது அவருக்குத் தேவைக்கு மேலேயே வந்து குவிகிறது. மாலைக்குள் நிரப்ப வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது, அதில் எழுத ஏதாவது விஷயம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

அதனால் இங்கே சொல்லப்போவது எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கும்: அவருக்கு எழுத ஒரு விஷயத்தைக் கொடுங்கள், அதை எழுதி முடிக்க ஆகும் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவில்லை, அது இல்லாமல் எதுவும் இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி. எதற்காகப் பத்திரிகையில் வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை ஏறும் என்றால், பெரும்பாலும் ஏறாது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பாட்டைத் தேடிக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்திரிகைச் செய்தியால் கிடைப்பது வேறு. விழா ஏற்பாட்டாளர் உங்கள் பெயரைத் தேடும்போது நீங்களே எழுதிக்கொள்ளாத ஏதோ ஒன்று கண்ணில் படும். நிதியுதவிக்கு விண்ணப்பித்தால் இணைக்க ஒரு தாள் இருக்கும். விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் நிற்க வேண்டுமென்றால் உங்களோடு சம்பந்தமில்லாத, நம்பகமான இடங்களில் உங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள். இதெல்லாம் வேண்டும் என்றால் மேலே படியுங்கள். வெறும் கேட்பவர் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் அந்த நேரத்தை நல்ல சின்ன வீடியோக்களில் செலவழிப்பது மேல்.

எழுத என்ன இருக்கிறது?

2006-07 குளிர்காலத்தில் ஜஸ்டின் வெர்னன் என்பவர் பேண்ட் உடைந்து, காதல் உடைந்து, உடம்பும் சரியில்லாமல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அப்பாவுக்குச் சொந்தமான ஒரு மரக்குடிலுக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தார். அங்கே பதிவு செய்ததைப் போன் ஐவர் என்ற பெயரில் 2007இல் தானே வெளியிட்டார். 2008இல் ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், எடுத்துக்கொண்டு மறுபடி வெளியிட்டது. அந்த ஆல்பத்தைப் பற்றி வந்தவற்றில் எதை எடுத்துப் படித்தாலும் குடில் வந்துவிடும். இசை நன்றாக இருந்தது உண்மை, ஆனால் ஒரு நிருபர் தன் ஆசிரியரிடம் போய் ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தது அந்தக் குடில்தான். "உறைபனியில் தனியாகக் குடிலில் உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பம்" என்றால் ஆசிரியர் தலையாட்டுவார். "மென்மையான ஃபோக் இசை" என்றால் கொட்டாவி விடுவார்.

இன்னொன்று வேறு மாதிரி. கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் 2008இல் விமானத்தில் போனபோது அவருடைய கிட்டார் உடைந்தது, யுனைடெட் நிறுவனத்திடம் மாதக்கணக்கில் அலைந்தும் இழப்பீடு கிடைக்கவில்லை. அதையே பாட்டாக்கி 2009 ஜூலையில் யூடியூபில் போட்டார். அது உலகம் முழுக்கச் செய்தியானது, ஆனால் இசைப் பக்கத்தில் அல்ல. பயணம், வணிகம், நுகர்வோர் பகுதிகளில். அந்தப் பாட்டின் மெட்டைப் பற்றி யார் பேசினார்கள்? உங்கள் விஷயம் இசை நிருபருக்குரியதாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மீன்பிடித் தொழிலைப் பற்றிய பாட்டென்றால் அந்தத் தொழிலைப் பற்றி எழுதுபவர், கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டு பாடுகிறீர்கள் என்றால் கல்விப் பக்கம், பழைய கருவி ஒன்றைச் சரிசெய்து வாசித்திருக்கிறீர்கள் என்றால் கருவிகளைப் பற்றி எழுதும் தளங்கள். அங்கெல்லாம் இசைக்காரர்களின் மெயில் வருவதே அபூர்வம், அதனால் திறந்து பார்க்கிறார்கள்.

"என்னிடம் அப்படியெல்லாம் எதுவும் இல்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்வது. இருக்கும். அருகிலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், இரவுப் பணி நர்ஸ், தன் முதல் ஐந்து பாடல்களுக்கு எழுதிய அறிமுகத்தைக் காட்டினார். முதல் பத்தியில் ஆன்மா, பயணம், கலவை. இரண்டாம் பத்தியில் சிறு வயதிலிருந்தே இசை ஆர்வம். மூன்றாம் பத்தியின் கடைசியில், போகிற போக்கில், "வீட்டில் இடமில்லாததால் பாடல்கள் காருக்குள் பதிவு செய்யப்பட்டன" என்று ஒரு வரி. என்னது, காருக்குள்ளா? கேட்டால், ஆமாம், பணி முடிந்து பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து, சீட்டின் மெத்தை எதிரொலியை இழுத்துக்கொள்வதால் சின்ன ஸ்டுடியோ மாதிரியே இருக்கும், ஒரு பாட்டில் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம்கூட விழுந்திருக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். எடுத்துவிடாதீர்கள் என்று கும்பிட்டேன்.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இசையோடு சம்பந்தமில்லாத நண்பர் ஒருவரிடம் இந்தப் பாட்டு எப்படி உருவானது என்று பத்து நிமிடம் சொல்லுங்கள், அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். அந்த இடம்தான். எங்கே, எதை வைத்து, யாரோடு, எவ்வளவு காலம், எதை இழந்து, யாருக்காக, ஏன் இப்போது என்று அவர் கேட்கும் கேள்வி எதுவாக இருந்தாலும் அதற்கான பதில் உங்கள் மெயிலின் முதல் வரியாக வேண்டும்.

ஜோடிக்காதீர்கள், அது மட்டும் வேண்டாம். ஒரு நிருபர் இரண்டு பேரிடம் பேசினால் வெளுத்துவிடும். அதேபோல, சொந்த வாழ்க்கையின் ரணத்தை எடுத்து முன்னால் வைக்கும்போது ஒருமுறை நிதானியுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த பேட்டியிலும் அதையே கேட்பார்கள், அதற்கடுத்ததிலும் கேட்பார்கள், மூன்று வருடம் கழித்து முற்றிலும் வேறு ஆல்பத்துக்கு உட்கார்ந்தாலும் அதுதான் முதல் கேள்வி. தாங்கிக்கொள்ள முடிகிறதைத்தான் கொடுக்க வேண்டும்.

யாருக்கு அனுப்புவது

முதலில், 500 முகவரிகள் கொண்ட பட்டியல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதில் பாதிப் பேர் வேலையை விட்டிருப்பார்கள், மீதிப் பேர் அந்தப் பட்டியலாலேயே அவதிப்படுகிறவர்கள். இசைப் பத்திரிகை உலகம் ரொம்பவே சுருங்கிவிட்டது. பிரிட்டனின் இசை இதழான என்.எம்.இ. 2018இல் வார அச்சிதழை நிறுத்தியது, அங்கேயே கியூ என்ற இசை இதழ் 2020இல் மூடப்பட்டது, பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சன இணைய இதழை 2024 ஜனவரியில் அதன் உரிமையாளர்கள் ஜி.கியூ. என்ற ஆண்கள் இதழோடு சேர்த்துவிட்டார்கள், அதில் பலருக்கு வேலை போனது. அப்படி வெளியே வந்தவர்களில் பலர் இன்று நாலைந்து இடங்களுக்கு எழுதும் தனி எழுத்தாளர்கள். எனவே இதழின் பொது முகவரியைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவது நல்லது. ஒருவருக்கு உங்கள் விஷயம் பிடித்துவிட்டால் அவரே அதை எங்கே விற்கலாம் என்று பார்த்துக்கொள்வார்.

ஆளைத் தேட, உங்களைப் போலவே இசை செய்கிற, உங்களைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்கிற பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி மட்டும்தான். அரங்கம் நிரப்புகிறவர்களை எடுத்தால் பயனில்லை. அவர்களைப் பற்றிக் கடந்த ஒரு வருடத்தில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, கட்டுரையின் மேலே இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது பெயர்கள் வரும். ஒவ்வொருவரும் எழுதியதில் இரண்டையாவது உண்மையாகவே படியுங்கள், ஒரு ஷீட் போட்டு, பெயர், எங்கே எழுதுகிறார், எதைப் படித்தேன், எதை அனுப்பினால் பொருந்தும், எப்போது அனுப்பினேன், என்ன பதில் என்று எழுதி வையுங்கள். அலுப்பான வேலைதான். ஒரு வாரம் போய்விடும். ஆனால் இந்த ஷீட்தான் அடுத்த ஐந்து வருடத்துக்கும் உங்கள் சொத்து.

பெரிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. கீழிருந்து போவதுதான் வேலைக்காகும். பெரிய இதழில் இருப்பவர் உங்கள் மெயில் பிடித்தால் அடுத்த நிமிடமே உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார், அங்கே ஒன்றுமே இல்லை என்றால் தயங்குவார். உங்கள் பகுதி நாளிதழில் ஒரு சின்னச் செய்தி, கல்லூரி வானொலியில் ஒரு பேட்டி, ஒரு தனிநபர் நியூஸ்லெட்டரில் நாலு வரி என்று மூன்று இருந்தால் போதும், அவருக்குத் தைரியம் வந்துவிடும். கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இசையை வைத்திருக்கிறவர்கள் அதன் சொந்த இதழான பேண்ட்கேம்ப் டெய்லியை மறக்க வேண்டாம். 2016இலிருந்து வருகிறது, வேறெங்கும் இடம் கிடைக்காத விசித்திரமான வகைகளை எல்லாம் அங்கே பொறுமையாக எழுதுகிறார்கள்.

எப்போது

பாட்டு வெளியான பிறகு அனுப்புவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வெளியாகிவிட்டால் அது பழைய செய்தி. தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சில் வரும் மாத இதழ் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே அவர்கள் பக்கத்தை முடிவு செய்திருப்பார்கள். இணைய இதழ்களுக்கு மூன்று நான்கு வாரம். நாளிதழுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும், அதற்கு முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். ஆக, மாஸ்டரிங், அதாவது பாட்டின் கடைசி ஒலி மெருகு, முடிந்த அன்றே ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் விநியோகத் தளத்தில் ஏற்றிவிட்டு "அடுத்த வாரம் ரிலீஸ்" என்று ஸ்டேட்டஸ் போடுகிற கை அரிப்பை அடக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கம் வழியாக அவர்களுடைய பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைப்பதும் வெளியாகாத பாட்டுக்கு மட்டுமே முடியும். குறைந்தது 7 நாள் முன்பு அதைச் செய்தால்தான் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் உறுதியாக வரும். அது பத்திரிகை வேலை இல்லை, ஆனாலும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஜூலை 10 முதல் பெரும்பாலான நாடுகளில் புது இசை வெள்ளிக்கிழமை வெளியாகிறது என்று இசைத் துறையே கூடி முடிவு செய்தது. அதனால் வெள்ளியன்று பெரிய நிறுவனங்களின் சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. செவ்வாயோ புதனோ வெளியிட்டால் அன்று எழுத எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டீர்களா? சரி, பரவாயில்லை. அந்தப் பாட்டை வைத்து நடக்கப்போகிற வேறு ஏதாவது ஒன்றுக்குத் தேதி குறியுங்கள்: ஒரு கச்சேரி, வீடியோ, வேறு ஒருவர் பாடும் பதிப்பு. செய்தி அதுவாக இருக்கட்டும், பாட்டு கூடவே வரும்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை

ப்ரெஸ் கிட் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், அசல் விஷயம் ஒரே ஒரு லிங்க். அதைத் திறந்தால் கடவுச்சொல், உறுப்பினர் கணக்கு எதுவும் கேட்காமல் எல்லாம் இருக்க வேண்டும். சில நாளில் காலாவதியாகும் ஃபைல் அனுப்பும் தளங்களில் போடாதீர்கள், அவர் மூன்று வாரம் கழித்துத்தான் திறப்பார். உடனே ஒலிக்கும் ஒரு தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் லிங்க், வானொலிக்காரர்களுக்கு இறக்கிக்கொள்ள ஒரு வேவ் ஃபைல், 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஒன்று. எம்.பி.3க்குள் பாடல் பெயர், உங்கள் பெயர், மெயில் முகவரி எல்லாம் டேக்கில், அதாவது ஃபைலோடு சேர்ந்தே போகும் விவரக் குறிப்பில், நிரப்பியிருக்க வேண்டும். "ஃபைனல்_மிக்ஸ்_புதுசு_3" என்ற பெயரில் வந்த ஃபைல் இன்னும் என் கணினியில் கிடக்கிறது, யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, நல்ல பாட்டு அது.

அப்புறம் உங்களைப் பற்றிய குறிப்பு, மூன்று நீளத்தில்: ஒரு வரி, ஒரு பத்தி, ஒரு பக்கம். படர்க்கையில் எழுதுங்கள், அப்படியே வெட்டி ஒட்டிக்கொள்ள வசதி. பாடல் வரிகள், யார் என்ன வாசித்தார்கள், யார் மிக்ஸ் செய்தார்கள் என்ற விவரம், பெயர்களைச் சரியான எழுத்துக்கூட்டலோடு. தொடர்புக்கு மெயில், போன்.

போட்டோவுக்கு வருவோம், இதில் கொஞ்சம் நேரம் நிற்கிறேன், ஏனென்றால் போட்டோவால் இடம் இழந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரவு பத்து மணி. பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மேல் பாதியில் அகலமாக ஒரு படம், கீழே கட்டுரை என்று லேஅவுட் போட்டாகிவிட்டது. கட்டுரையும் எழுதியாகிவிட்டது, ஒரு புது பேண்டைப் பற்றி. அவர்கள் அனுப்பியிருந்த படம் ஒன்றே ஒன்று, நெட்டுக்குத்தானது, அதன் மேலேயே பாடல் பெயரும் தேதியும் எழுதிய போஸ்டர். லேஅவுட் பார்ப்பவர் என்னைப் பார்க்கிறார், நான் போனை எடுத்து அவர்களை அழைக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. இருபது நிமிடம் பார்த்தோம். கடைசியில் அந்த இடத்துக்கு வேறொரு பாடகரைப் பற்றிய சாதாரணமான ஒரு செய்தி போனது, ஒரே காரணம், அவருடைய படம் அகலமாக இருந்தது. மறுநாள் காலை அந்த பேண்டிலிருந்து போன் வந்தது, என்ன சொல்வது?

எனவே: அகலமாக இரண்டு, நெட்டுக்குத்தாக இரண்டு, மேடையில் ஒன்று. படத்தின் மேல் எழுத்து எதுவும் கூடாது. அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய் வந்த படம் உதவாது, அது சுருங்கிவிட்டிருக்கும். ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயரும் போட்டோ எடுத்தவர் பெயரும் இருக்கட்டும், அவரிடம் பத்திரிகையில் வெளியிடச் சம்மதம் வாங்கி வையுங்கள். பேண்ட் என்றால் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதிவிடுங்கள். ஆல்பம் அட்டை தனியாக, 3000க்கு 3000 பிக்சல்.

மெயில்

இதுதான் முக்கியம். முதலில் நான் ஆயிரம் தடவை பார்த்த மெயில்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். சிறு வயதிலிருந்தே இசையின்மீது தீராத காதல் கொண்ட நான், பல்வேறு இசை வகைகளைக் கலந்து, கேட்பவர் ஆன்மாவைத் தொடும் ஒரு பயணமாக என் முதல் படைப்பை உருவாக்கியுள்ளேன். வளரும் கலைஞனான எனக்குத் தங்கள் மேலான ஆதரவைத் தந்து..."

இதில் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆதரவு கேட்கிறார், ஆனால் எழுத ஒன்றும் தரவில்லை. இப்போது அந்த நர்ஸ் கடைசியில் அனுப்பிய மெயில், சப்ஜெக்ட் வரி இப்படி: "பார்க்கிங்கில் காருக்குள் பதிவு செய்த ஐந்து பாடல்கள், இரவுப் பணி நர்ஸ், வெளியீடு 14ஆம் தேதி". உள்ளே:

"வணக்கம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அறைக்குள் எதிரொலியோடு படும் பாடு பற்றிச் சொல்லியிருந்தீர்கள், எனக்கு அறையே கிடையாது. நான் இரவுப் பணி நர்ஸ். பணி முடிந்ததும் மருத்துவமனை பார்க்கிங்கில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து பாடல்களைப் பதிவு செய்தேன், வரும் 14ஆம் தேதி வெளியாகின்றன. கேட்க: (லிங்க்). மூன்றாவதை முதலில் கேளுங்கள், 40ஆவது விநாடியில் ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே வரும், அதை நான் சேர்க்கவில்லை, தானாக வந்தது. படங்கள், வரிகள், மற்ற விவரங்கள்: (லிங்க்). பிற்பகல் 3 மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் பேசலாம்."

அவ்வளவுதான். போனில் திரையை நகர்த்தாமலே படித்துவிடலாம். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியது, என்ன நடந்தது, எப்போது, எதை முதலில் கேட்க வேண்டும், மேற்கொண்டு என்ன செய்யலாம், எல்லாம் இருக்கிறது. 40ஆவது விநாடி என்று சொன்னதைக் கவனியுங்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள் என்றால் நகர்ந்துவிடுவார். அந்த இடம் வருகிறதா என்று பார்க்க யாருக்கும் ஒரு குறுகுறுப்பு இருக்கும், அதற்குள் பாட்டு தன் வேலையைச் செய்துவிடும்.

பாட்டை அட்டாச் செய்யாதீர்கள், பல அலுவலகங்களில் பெரிய அட்டாச்மென்ட் நேராகக் குப்பைக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருமுறை ஒருவர் ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகையாளர்களையும் சி.சி.யில் போட்டு அனுப்பிவிட்டார், அதில் ஒருவர் "என்னை நீக்கவும்" என்று எல்லோருக்கும் பதில் போட, அதற்கு இன்னொருவர் பதில் போட, அன்று மதியம் வரை அதுதான் ஓடியது. பாட்டை யாரும் கேட்கவில்லை.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை, பழைய மெயிலுக்கே பதிலாக, புதிதாக ஏதாவது ஒரு தகவலைச் சேர்த்து இரண்டு வரி. "என் மெயில் பார்த்தீர்களா" என்று மட்டும் கேட்பது எரிச்சலூட்டும். "வீடியோவின் முன்னோட்டத்தை லிங்கில் சேர்த்திருக்கிறேன்" என்றால் திறந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள். சொந்த போனுக்கு அழைப்பது, இன்ஸ்டாகிராமில் படத்துக்குப் படம் கமென்ட் போட்டு நினைவூட்டுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

யாராவது ஒருவருக்கு மட்டும் முதலில் தரலாம் என்று நினைத்தால், அதாவது எக்ஸ்க்ளூசிவ், உண்மையிலேயே ஒருவருக்கு மட்டும் கேளுங்கள், பதிலுக்கு ஒரு கெடு வையுங்கள், அவர் வேண்டாம் என்ற பிறகு அடுத்தவரிடம் போங்கள். இரண்டு பேரிடம் ஒரே வாக்குறுதி கொடுத்து மாட்டிக்கொண்டவரை அந்த இரண்டு பேருமே மறக்க மாட்டார்கள். குறிப்பிட்ட தேதிக்கு முன் வெளியிடக் கூடாது என்றால், அதுதான் எம்பார்கோ, மெயிலின் தலையிலேயே தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து.

காசு கேட்டால்

"இவ்வளவு கொடுங்கள், கட்டுரை உறுதி" என்று ஒரு மெயில் உங்களுக்கும் வரும், வெளியீட்டுத் தேதி நெருங்க நெருங்க நிறையவே வரும். காசு கொடுத்து உறுதியாக வருவது விளம்பரம். விளம்பரம் செய்வதில் தப்பில்லை, ஆனால் அதைச் செய்தி என்று நினைத்து வாங்காதீர்கள். அப்படிப்பட்ட தளங்களை யாரும் படிப்பதில்லை, துறையில் இருப்பவர்களுக்குப் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். சப்மிட்ஹப், க்ரூவர் போன்ற தளங்கள் வேறு வகை: அங்கே நீங்கள் கொடுக்கும் காசு பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதற்கு மட்டும், வெளியிடுவதற்கு அல்ல. கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் மறுப்புதான் வரும், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி என்று விற்பவர்களிடம் மட்டும் போகவே கூடாது. அது பாட்களின் (தானாகவே பாட்டை ஓடவிடும் நிரல்களின்) வேலை. கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை அந்த எண்ணிக்கையை நீக்கிவிடும், 2024 முதல் அப்பட்டமான போலி ஸ்ட்ரீம்களுக்கு லேபிள்களிடமும் விநியோகஸ்தர்களிடமும் அபராதம் வசூலிக்கிறது. விநியோகஸ்தர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே தூக்கியும் விடலாம்.

பி.ஆர். ஆளை, அதாவது உங்களுக்காகப் பத்திரிகைகளிடம் பேசுபவரை, அமர்த்துவதா? முதல் வெளியீட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பின்னால் அமர்த்தினால், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் அளவில் இருக்கிற யாருக்கு எங்கே இடம் வாங்கிக் கொடுத்தார் என்று லிங்கோடு கேளுங்கள், அந்த இசைக்கலைஞர்களிடம் நேரில் பேசுங்கள். உறுதி தருகிறேன் என்பவரைவிட, இந்தப் பாட்டில் எனக்கு எழுத எதுவும் தெரியவில்லையே என்று முகத்துக்கு நேரே சொல்பவர் நல்லவர்.

பேட்டி கிடைத்துவிட்டால்

கதையாகச் சொல்லுங்கள். "இசை எனக்கு மூச்சு" என்பதைக் குறிப்பேட்டில் எழுதக்கூட மாட்டார். "காரின் ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று அதை அணைத்துவிட்டு வியர்வையில் நனைந்தபடி பாடினேன்" என்றால் அதுதான் தலைப்பு. முக்கியமான மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியீட்டுத் தேதி அதில் ஒன்று, அதைச் சொல்ல மறந்துவிட்டு வருபவர்கள் ஏராளம். எழுத வேண்டாம் என்று ஒன்றைச் சொல்வதானால் சொல்வதற்கு முன்பே கேட்டு அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டு "இதைப் போடாதீர்கள்" என்றால் அவருக்குக் கட்டாயம் இல்லை. கட்டுரையை முன்கூட்டியே காட்டச் சொல்லாதீர்கள், பல இடங்களில் விதிப்படியே காட்ட மாட்டார்கள், கேட்டதே தவறாகப் படும். பெயர்கள், தேதிகள், எண்ணிக்கைகளை மட்டும் சரிபார்க்க வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள் என்று சொல்லுங்கள். சந்தோஷப்படுவார்.

வந்த பிறகு

முதலில் அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமித்து வையுங்கள். இணைய இதழ்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிப் போகின்றன, எங்கள் பேண்டைப் பற்றி வந்த முதல் விமர்சனம் இன்று எங்குமே இல்லை. எழுதியவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புங்கள், அவர் பெயரோடு பகிருங்கள். பெயர், தேதி மாதிரி தவறு இருந்தால் மரியாதையாகச் சொன்னால் திருத்திவிடுவார்கள். உங்கள் பாட்டு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது தவறு இல்லை, அதற்குப் பதில் எழுதாதீர்கள். இரவில் நிச்சயமாக எழுதாதீர்கள்.

பாட்டை வாங்கும் லிங்க் வேலை செய்கிறதா என்று கட்டுரை வரும் நாளன்று காலையிலேயே பாருங்கள். 2005இல் கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யே என்ற பேண்ட் லேபிள் இல்லாமல் தானே வெளியிட்ட ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் 10க்கு 9 மதிப்பெண் கொடுத்தது, தாங்களே பார்சல் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி சி.டி. அடிக்க ஓட வேண்டியதாயிற்று. இன்று ஒரே விமர்சனம் அந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிற முப்பது பேர் உடைந்த லிங்க்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது இன்றும் நடக்கிறது.

நாற்பது மெயிலுக்கு மூன்று நான்கு பதில் வந்தால் நல்ல அறுவடை என்று எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பேண்டுக்கு முதல் தடவை ஒன்றுகூட வரவில்லை. ஷீட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள்: யார் திறந்தார், யார் மறுத்தார், யார் "இந்த முறை இடமில்லை, அடுத்ததை அனுப்புங்கள்" என்று எழுதினார். அந்தக் கடைசி வகை பதிலை மரியாதைக்காகச் சொன்னது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதை எழுத அவருக்கு ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும், வேண்டாதவருக்கு அந்த நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. அவர் பெயரை மேலே நகர்த்தி, நிறம் போட்டு வையுங்கள்; அடுத்த பாட்டுக்குத் தேதி குறித்ததும் முதல் மெயில் அவருக்கு.